ஸ்மால்வில் முதல் சீசன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். போன கோடை விடுமுறையில் என் அலமாரியிலிருந்த பழைய டிவிடி பெட்டியைக் கிளறி எடுத்தான். அன்றிலிருந்து அவனும் அவன் கூட்டாளிகளும் ஒரே சந்தேகங்களை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். பிறகு என் அலுவலகத்தில் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். வாட்ஸப்பில் ஒரே பதிலை ஏழெட்டு முறை தட்டி அலுத்துப் போய், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கின்றன. பின்பாதியில் கதை முடிச்சுகள் அவிழும். அந்த இடத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஸ்மால்வில்னா என்ன? சூப்பர்மேன் படமா, சீரியலா?

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். சூப்பர்மேன் ஆவதற்கு முன்பு, கிளார்க் கென்ட் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துக் கதை. ஸ்மால்வில் என்பது அவன் வளரும் ஊர். 2001 அக்டோபர் 16ஆம் தேதி 'தி டபிள்யூபி' என்ற சேனலில் தொடங்கியது. முதல் நாள் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தச் சேனலில் அதுவரை எந்தப் புதுத் தொடரின் தொடக்கத்துக்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

உருவாக்கியவர்கள் ஆல்ஃப்ரட் காஃப், மைல்ஸ் மில்லர் என்ற இருவர். முதல் எபிசோடை இயக்கியவர் டேவிட் நட்டர். கிளார்க்காக டாம் வெல்லிங், பின்னாளில் சூப்பர்மேனின் பரம எதிரி ஆகப்போகும் லெக்ஸ் லூதராக மைக்கேல் ரோசன்பாம், கிளார்க் காதலிக்கும் லானா லாங்காக கிறிஸ்டின் க்ரூக். இந்த மூன்று முகங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றவர்கள் போகப்போகப் பழகிவிடுவார்கள்.

எத்தனை எபிசோட்? எல்லாத்தையும் பார்த்தே ஆகணுமா?

முதல் சீசனில் 21. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நேரமில்லாதவர்கள் முதல் இரண்டு எபிசோடுகள், நான்காவதான எக்ஸ்-ரே, ஆறாவதான ஹவர்கிளாஸ், ஒன்பதாவதான ரோக், பன்னிரண்டாவதான லீச், பதினான்காவதான ஸீரோ, பதினாறாவதான ஸ்ட்ரே, கடைசியான டெம்பஸ்ட் ஆகியவற்றைப் பார்த்தால் கதை கையைவிட்டுப் போகாது. தேனீக்களை ஏவிவிட்டு மாணவர் தேர்தலில் ஜெயிக்கப் பார்க்கும் பெண்ணின் கதையை (பதினெட்டாவது, ட்ரோன்) தாண்டிப் போனால் குற்றமில்லை.

சூப்பர்மேன் டிரெஸ் எந்த எபிசோட்ல போடுவான்? எப்போ பறப்பான்?

போட மாட்டான். பறக்கவும் மாட்டான். 'இறுக்க உடையும் இல்லை, பறத்தலும் இல்லை' என்பது காஃபும் மில்லரும் தொடக்கத்திலேயே போட்டுக்கொண்ட விதி. பத்து சீசன் ஓடி 2011 மே மாதம் கடைசி எபிசோடில்தான் கிளார்க் முழுமையாக சூப்பர்மேன் ஆகிறான். இந்த சீசனில் நீலச் சட்டையும் சிவப்பு ஜாக்கெட்டும்தான் சீருடை. கவனித்துப் பார்த்தால் அந்த இரண்டு நிறங்களும் அவன் உடம்பை விட்டு நகரவே நகராது.

ஒரே ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. இரண்டாவது எபிசோடின் தொடக்கத்தில் தூக்கத்தில் கட்டிலுக்கு மேலே மிதந்துகொண்டிருப்பான். விழித்ததும் தொப்பென்று விழுவான். பறத்தலுக்கு இந்த சீசனில் அவ்வளவுதான் இடம்.

எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. உடையும் பறத்தலும் இருந்தால் ஒவ்வொரு எபிசோடும் எப்படி முடியும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அவை இல்லாததால் பையன் ஓடித்தான் போக வேண்டும், வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேச்சு வாங்கத்தான் வேண்டும்.

முதல் எபிசோட் மட்டும் பார்த்துட்டு பிடிக்குதா இல்லையான்னு முடிவு பண்ணலாமா?

தாராளமாக. தொடர் முழுக்க வரப்போகிற எல்லாமே அந்த எபிசோடில் விதையாக இருக்கிறது. 1989இல் ஊர்மேல் விண்கல் மழை பெய்கிறது. அதோடு ஒரு சின்ன விண்கலமும் வந்து விழுகிறது. உள்ளே ஒரு குழந்தை. பிள்ளையில்லாத கென்ட் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். அதே நாளில் லானாவின் அப்பா, அம்மா அவள் கண்ணெதிரில் சாகிறார்கள். சோளக்காட்டில் நின்றிருந்த ஒன்பது வயது லெக்ஸின் தலைமுடி முழுவதும் உதிர்ந்துபோகிறது. ஒரே மழை, மூன்று வீட்டின் தலையெழுத்து.

பன்னிரண்டு வருடம் கழித்து, சாலையில் லாரியிலிருந்து விழுந்து கிடந்த முள்கம்பிச் சுருளில் ஏறி லெக்ஸின் போர்ஷே கார் நிலைதடுமாறுகிறது. பாலத்தில் நின்றுகொண்டிருந்த கிளார்க்கை நேராக இடித்து, அவனோடு சேர்ந்து ஆற்றில் விழுகிறது. கிளார்க் தண்ணீருக்கடியில் கார் கூரையைத் தகரடப்பாவைத் திறப்பதுபோல் பிய்த்து லெக்ஸை வெளியே எடுக்கிறான். நன்றிக்கடனாக லெக்ஸ் ஒரு புது டிரக்கை அனுப்புகிறான். அப்பா ஜோனதன் திருப்பி அனுப்பச் சொல்கிறார். கிளார்க்குக்குக் கோபம். பேச்சு வளர்ந்து, மரத்தைத் தூளாக்கும் இயந்திரத்துக்குள் கையை விடுகிறான். சட்டைக்கை கிழிகிறது, இயந்திரம் திக்குகிறது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. இது சாதாரண ஆள் கையா என்று அப்பாவைக் கேட்கிறான். அப்போதுதான் அவர் நிலவறைக்குக் கூட்டிப்போய் விண்கலத்தைக் காட்டுகிறார்.

அந்த இயந்திரக் காட்சி உங்களை ஒன்றும் செய்யவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கில்லை. வேறு ஏதாவது பாருங்கள்.

அந்தப் பச்சைக் கல்லு என்ன? கிரிப்டோனைட்டா? ஏன் அந்தப் பேரைச் சொல்லவே மாட்டேங்கறாங்க?

கிரிப்டோனைட்தான். கிளார்க் பிறந்த கிரகத்தின் சிதறல். ஆனால் இந்த சீசனில் யாருக்கும் அது தெரியாது. அவன் எந்தக் கிரகத்திலிருந்து வந்தான் என்பதே தெரியாதபோது அந்தப் பெயரை எங்கிருந்து சொல்வார்கள்? ஊர்க்காரர்களுக்கு அது விண்கல், அவ்வளவுதான். கிளார்க்குக்கு அருகில் வந்தால் கால் துவளும், நரம்புகள் புடைக்கும். சாதாரண மனிதர்களுக்கு வேறு மாதிரி வேலை செய்யும். அதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

இதில் அழகான ஒரு கொடுமை இருக்கிறது. லானா தன் பெற்றோரைக் கொன்ற விண்கல்லின் துண்டைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். கிளார்க் அவள் பக்கத்தில் போனாலே தடுமாறி விழுகிறான். ஊரே அவனை அசடு என்று நினைக்கிறது. காதலிக்கும் பெண்ணின் அருகில் போனால் உடம்பு நடுங்குவது எல்லாப் பையன்களுக்கும் உள்ளதுதான். இங்கே அதற்கு அறிவியல் காரணம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இரண்டாவது எபிசோடில் லெக்ஸ் ஓர் ஈயப் பெட்டியை கிளார்க்கிடம் கொடுக்கிறான். புனித ஜார்ஜின் கவசத்திலிருந்து செய்தது என்று அதற்கு ஒரு கதையும் சொல்கிறான். சங்கிலியை அதற்குள் வைத்து மூடியதும் கல்லின் வேகம் அடங்குகிறது. தன் நண்பனுக்குத் தான் என்ன கொடுத்தோம் என்று கொடுத்தவனுக்கே தெரியாது.

ஒவ்வொரு வாரமும் ஒரு புது வில்லன் வர்றான், கடைசில அடி வாங்கறான். போரடிக்குதே?

நியாயமான புகார். பச்சைக்கல் பட்டதால் விசித்திர சக்தி வந்த ஒருவர், அவருக்கு ஒரு பழைய மனக்காயம், கிளார்க்கோடு ஒரு மோதல். பாதி எபிசோடுகளுக்கு இதே அச்சுதான். பூச்சியாக மாறும் பையன், கோபத்தில் தீ மூட்டும் கால்பந்துப் பயிற்சியாளர், உடல் சூட்டுக்காக மற்றவர்களை உறைய வைக்கும் மாணவன் என்று வரிசை போகும். பள்ளிப் பத்திரிகையின் ஆசிரியர் குளோயி தன் அறைச் சுவர் முழுக்க இந்த மர்மச் செய்திகளை ஒட்டி வைத்திருப்பாள். எழுத்தாளர்களும் அதே மாதிரி ஒரு சுவரை வைத்துக்கொண்டுதான் கதை எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றும்.

ஆனாலும் இவர்களில் சிலர் சும்மா வந்து போகிறவர்கள் இல்லை. ஏழாவது எபிசோடான கிரேவிங்கில் உடல் பருமனால் கேலிக்கு ஆளாகும் ஒரு பெண், விண்கல் கலந்த மண்ணில் விளைந்த காய்கறிச் சாற்றைக் குடித்தே மெலிகிறாள். பிறகு அடங்காத பசி அவளைப் பிடித்துக்கொள்கிறது. நடித்தவர் ஏமி ஆடம்ஸ். 2013இல் வந்த சூப்பர்மேன் திரைப்படத்தில் சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேனாக நடித்தாரே, அவரேதான்.

ரோக்கில் பச்சைக்கல்லே வில்லனை உருவாக்குவதில்லை. ஓடும் பேருந்தை கிளார்க் தடுத்து நிறுத்துவதை ஊழல் போலீஸ்காரர் ஒருவர் பார்த்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை. தெரிந்துகொண்ட ஒரு மனிதர், மிரட்டல், ஒரு குடும்பத்தின் பயம். இந்த சீசனில் எனக்குப் பிடித்த 'வில்லன்' இவர்தான், எந்த சக்தியும் இல்லாதவர்.

கிளார்க்குக்கு இந்த சீசன்ல என்னென்ன சக்தி இருக்கு? நெருப்புக் கண் எங்கே?

தொடக்கத்திலேயே பலமும் வேகமும் உண்டு, அடிபடாத உடம்பும் உண்டு. நான்காவது எபிசோடில் பொருள்களை ஊடுருவிப் பார்க்கும் கண் வருகிறது. உடற்பயிற்சி வகுப்பில் கயிறு ஏறிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சுவரைத் தாண்டி, பெண்கள் உடைமாற்றும் அறை தெரிந்துவிடுகிறது. பையன் திணறிக் கீழே விழுகிறான். நெருப்புக் கண் இரண்டாவது சீசனில்தான்.

இப்படிச் சில்லறையாகச் சக்தி வருவது வேண்டுமென்றே செய்தது. பதினைந்து வயதில் குரல் உடைவது, மீசை அரும்புவது மாதிரி இவனுக்கு இது. அடக்கத் தெரியாமல் அவமானப்படுகிறான், வீட்டில் சொல்ல வெட்கப்படுகிறான். பன்னிரண்டாவது எபிசோடில் மின்னல் தாக்கி இவன் சக்தியெல்லாம் இன்னொரு மாணவனுக்குப் போய்விடும். முதல்முறையாக உடம்பு வலிப்பதை கிளார்க் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று பாருங்கள். பாதி பயம், பாதி நிம்மதி.

1989ல வந்த குழந்தைன்னா கணக்கு இடிக்குதே. ஹைஸ்கூல் பையன் எப்படி?

இடிக்கவில்லை. விண்கலத்திலிருந்து வந்தது கைக்குழந்தை இல்லை, நடக்கிற குழந்தை. மூன்று வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடம் சேர்த்தால் பதினைந்து. லெக்ஸ் அப்போது ஒன்பது, இப்போது இருபத்தொன்று. இடிப்பது டாம் வெல்லிங்கின் முகம்தான். அவர் 1977இல் பிறந்தவர், நடிக்கும்போது 24 வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் அவரைப் பார்த்துவிட்டு, "இவர் பி.டி. மாஸ்டர் மாதிரில்ல இருக்காரு" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

ஊர் கான்சாஸ்னு சொல்றாங்க. அங்கேயா எடுத்தாங்க?

கதைப்படி கான்சாஸ் மாநிலம், மக்கள்தொகை 45,001. எடுத்தது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வான்கூவரைச் சுற்றி. கடைத்தெருக் காட்சிகளுக்கு மெரிட், க்ளோவர்டேல் ஆகிய ஊர்கள். லானா காபிக்கடையாக மாற்றும் பழைய தியேட்டர் க்ளோவர்டேலில் உள்ள க்ளோவா சினிமா. லெக்ஸின் மாளிகையை வெளியிலிருந்து காட்டும்போது தெரிவது வான்கூவர் தீவிலுள்ள ஹாட்லி கோட்டை. கான்சாஸ் தட்டையான கோதுமை பூமி. எங்காவது மூலையில் அடர்ந்த ஊசியிலைக் காடு தலைகாட்டினால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள்.

ஊர் எல்லைப் பலகையை மட்டும் கவனியுங்கள். விண்கல் மழைக்கு முன்பு அது 'சோளக்கூழின் உலகத் தலைநகர்' என்று பெருமையடித்துக்கொண்டிருக்கும். பிறகு 'விண்கற்களின் உலகத் தலைநகர்' ஆகிவிடும். சாவு விழுந்த ஊரும் பெயர்ப்பலகையில் பெருமை தேடுகிறது.

காமிக்ஸ்ல சூப்பர்பாய் உண்டே, இவனை ஏன் அப்படிக் கூப்பிடலை?

சூப்பர்மேன் 1938இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் உருவாக்கியது. சிறுவயதிலேயே உடை மாட்டிக்கொண்டு பறக்கும் சூப்பர்பாய் 1940களின் நடுவில் வந்தான். லானா 1950இல் வந்தாள். 1986இல் காமிக்ஸ் எழுத்தாளர் ஜான் பைரன் கதையை முதலிலிருந்து புதிதாகச் சொன்னபோது சூப்பர்பாய் பருவத்தையே எடுத்துவிட்டார். கிளார்க்குக்குச் சக்திகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், வளர்த்த பெற்றோர் உயிரோடு இருப்பார்கள் என்று மாற்றினார். தொடர் இந்த வழியில்தான் போகிறது. உடை இல்லாதவனுக்குப் பட்டப்பெயர் எதற்கு?

காமிக்ஸ் வாசகர்கள் சண்டைக்கு வரும் இன்னொரு இடம், லெக்ஸும் கிளார்க்கும் ஒரே ஊரில் பழகியதாகக் காட்டுவது. அதுவும் தொடர்க்காரர்கள் புதிதாகக் கட்டியது இல்லை. 1960இல் வந்த ஒரு காமிக்ஸ் கதையிலேயே சின்ன லெக்ஸ் ஸ்மால்வில்லில் வசிக்கிறான். ஆய்வகத்தில் நடந்த விபத்தில் முடியை இழந்து, சூப்பர்பாய்மேல் பழியைப் போடுகிறான். நட்பை மையத்துக்குக் கொண்டுவந்தது மட்டும் தொடர். குளோயியும் லெக்ஸின் அப்பா லயனலும் தொடருக்காகவே உருவானவர்கள்.

கிளார்க் அம்மாவை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?

1983இல் வந்த மூன்றாவது சூப்பர்மேன் படத்தில் லானா லாங்காக நடித்த அனெட் ஓ'டூல்தான் இங்கே அம்மா மார்த்தா. அப்பா ஜான் ஷ்னைடரும் பழைய தொலைக்காட்சி ரசிகர்களுக்குத் தெரிந்த முகம். கென்ட் தம்பதியை வழக்கமாகத் தாத்தா பாட்டி மாதிரி வரைவார்கள். இங்கே நடுவயதுக்காரர்கள். கடன் இருக்கிறது, கோபம் இருக்கிறது, ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசையும் இருக்கிறது.

குளோயியா நடிச்சவங்க ஜெயிலுக்குப் போனாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். தொடர் முடிந்து பல வருடம் கழித்து, நெக்ஸியம் என்ற குழு தொடர்பான வழக்கில் ஆலிசன் மேக் 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2021இல் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அது தெரிந்த பிறகு அவர் காட்சிகளைப் பழைய மனதோடு பார்க்க முடியவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். குளோயி பாத்திரம்மேல் எனக்கிருந்த பிரியம் மட்டும் போகவில்லை.

இவ்ளோ பிரச்சினைக்குப் பதிலா லானாகிட்ட உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்கள் எல்லோரும் கோபமாகவே கேட்டார்கள். இரண்டு காரணம். முதலாவது ஜோனதன். தெரிந்தால் பையனை ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. ரோக் எபிசோடில் அந்தப் பயம் பொய்யில்லை என்று தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது காரணத்தை வெளிப்படையாகப் பேச மாட்டார்கள். கிளார்க்கைக் கொண்டுவந்த விண்கலத்தோடு வந்த கற்கள்தான் லானாவின் பெற்றோரைக் கொன்றன. உண்மையைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். முதல் எபிசோடில் அவள் இரவில் இடுகாட்டுக்கு வந்து கல்லறைமுன் நின்று அம்மா அப்பாவோடு பேசுவாள், அவனையும் அறிமுகப்படுத்தி வைப்பாள். அதற்குச் சற்று முன்புதான் அவன் தன் விண்கலத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். அங்கே நின்றுகொண்டு எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் இருபத்தோரு எபிசோடும் "எனக்கு அவசர வேலை" என்று பாதியில் எழுந்து ஓடுவது எனக்கும் எரிச்சல்தான். அதில் மாற்றுக்கருத்து இல்லை.

லானாவோட ஆளு விட்னி வில்லனா?

முதல் எபிசோடில் வில்லன் வேலை பார்க்கிறான். ஆண்டுதோறும் கால்பந்து அணியினர் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவனை அரைநிர்வாணமாகச் சோளக்காட்டில் சோளக்கொல்லைப் பொம்மைபோல் கட்டித் தொங்கவிடுவார்கள், மார்பில் சிவப்புச் சாயத்தால் பள்ளியின் எழுத்தான 'எஸ்' வரைவார்கள். இந்த முறை கிளார்க். விட்னி லானாவின் சங்கிலியை அவன் கழுத்தில் மாட்டிவிடுகிறான். சாதாரணக் கயிற்றை அறுக்கக்கூடத் தெம்பில்லாமல் தொங்குகிறான், உலகத்திலேயே பலசாலியான பையன். பிற்பாதியில் அப்பாவின் நோய், ராணுவம் என்று விட்னிக்கும் மனிதமுகம் கிடைக்கிறது. ஆனால் அந்த இரவை நான் மன்னிக்கவில்லை.

இனி வருபவை முழுக் கதையும் பார்த்தவர்களுக்கு.

லெக்ஸ் நல்லவனா கெட்டவனா? தெளிவா சொல்லுங்க.

தெளிவாகச் சொல்ல முடியாது என்பதால்தான் இந்த சீசனைப் பார்க்கிறோம். விட்னி கதையில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். அந்த இரவு கிளார்க்கைக் கண்டுபிடித்து இறக்கிவிடுவது லெக்ஸ்தான். அந்தக் காட்சியைச் சும்மா பார்த்துவிட்டுப் போகாதீர்கள். 1989இல் சிறுவன் லெக்ஸ் இதேபோல் சோளக்காட்டில் ஒரு மாணவன் கட்டப்பட்டு "காப்பாற்று" என்று முனகுவதைப் பார்த்துப் பயந்து நின்றவன். அடுத்த நொடி விண்கல் விழுந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து அதே காட்சி கண்ணெதிரில் வரும்போது ஓடிப்போய்க் கயிற்றை அறுக்கிறான். இப்படிப்பட்டவனை எப்படிக் கெட்டவன் என்பது?

அதே லெக்ஸ்தான் நொறுங்கிய காரைத் தூக்கியெறியாமல் வைத்துக்கொள்கிறான். பாலத்தில் கிளார்க்கை இடித்தோமா இல்லையா என்ற கேள்வியை விட மாட்டான். நிக்சன் என்ற செய்தியாளனைக் காசு கொடுத்துத் துப்பறியச் சொல்கிறான். நண்பன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இடம் கேட்பவனும் இவன்தான், அதே வீட்டைத் தோண்டிப் பார்க்கச் சொல்பவனும் இவன்தான். இரண்டுமே நடிப்பில்லை. ரோசன்பாம் மொட்டைத் தலையோடு சிரிக்கும் சிரிப்பில் எப்போதும் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கும்.

என் கட்சி இதுதான்: இந்த சீசனில் கதாநாயகன் கிளார்க், கதை லெக்ஸுடையது. கிளார்க் என்ன ஆவான் என்று உலகத்துக்கே தெரியும். லெக்ஸ் என்ன ஆவான் என்பதும் தெரியும், ஆனால் ஒவ்வொரு வாரமும் 'ஆகாமல் போய்விட்டால் தேவலையே' என்று மனம் அடித்துக்கொள்ளும். ஜோனதன் கென்ட் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவனை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றும் தோன்றும். லூதர் என்ற பெயரைக் கேட்டாலே அந்த நல்ல மனிதருக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

லயனல் லூதர் சொந்த மகனையே ஏன் இப்படி வதைக்கிறார்?

அவர் கணக்கில் அது வளர்ப்பு. முதல் எபிசோடில் ஹெலிகாப்டரில் கண்ணை இறுக மூடிப் பயந்திருக்கும் மகனை, லூதர்களுக்குப் பயம் ஆகாது என்று அதட்டுவார். வளர்ந்த பிறகு ஸ்மால்வில்லில் உள்ள உரத் தொழிற்சாலைக்குத் தூக்கியடிக்கிறார். அது வேலையா தண்டனையா என்று லெக்ஸுக்கே தெரியாது. லயனலாக நடிக்கும் ஜான் க்ளோவர் இந்த சீசனில் அவ்வப்போதுதான் தலைகாட்டுகிறார், இரண்டாவது சீசனிலிருந்துதான் நிரந்தரம். ஆனால் அவர் வந்துபோன பிறகு அந்த மாளிகை சில நிமிடம் குளிர்ந்தே இருக்கும்.

ஹவர்கிளாஸ்ல அந்தப் பாட்டி என்னத்தைப் பார்த்து செத்துப் போனாங்க?

கசாண்ட்ரா பார்வையிழந்த மூதாட்டி, தொட்டால் எதிர்காலம் தெரியும். லெக்ஸின் கையைத் தொட்டதும், அவன் வெள்ளை உடையில் அமெரிக்க அதிபராக நிற்பது தெரிகிறது. சூரியகாந்தி வயலில் நடந்து ஒரு பூவைத் தொடுகிறான். பூக்கள் கருகி வயல் முழுக்க எலும்பாகிறது. வானத்திலிருந்து ரத்தம் பொழிகிறது. அவர் அங்கேயே உயிரை விடுகிறார். லெக்ஸுக்கு அவர் என்ன பார்த்தார் என்று கடைசிவரை தெரியாது.

எல்லோரும் அந்த ரத்த மழையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அதே எபிசோடில் கிளார்க்குக்குக் கிடைத்த காட்சிதான் இன்னும் கனமானது. வரிசையாகக் கல்லறைகள். அவன் நேசிக்கும் எல்லோரும் போன பிறகும் அவன் மட்டும் இருப்பான்.

கடைசி எபிசோட்ல எல்லாம் பாதியிலேயே நிக்குதே! என் டிவிடி கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை, அப்படித்தான் முடிகிறது. 2002 மே 21 அன்று ஒளிபரப்பான டெம்பஸ்ட் மூன்று பேரை மூன்று இடத்தில் தொங்கவிட்டு முடிகிறது. விட்னியை ராணுவத்துக்குப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பும் லானாவின் வண்டியைச் சூறாவளி உறிஞ்சி எடுக்கிறது. பள்ளி நடன விழாவில் குளோயியின் கையை விட்டுவிட்டு கிளார்க் அந்தச் சுழலுக்குள் ஓடுகிறான். ரகசியம் தெரிந்துகொண்ட நிக்சனோடு ஜோனதன் புயலில் மல்லுக்கட்டுகிறார். மாளிகை இடிந்து விழ, அடியில் சிக்கிய லயனல் மகனை உதவிக்குக் கூப்பிடுகிறார். லெக்ஸ் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்த நடனக் காட்சியில் மேடையில் பாடுவது ரெமி ஸீரோ குழு. ஒவ்வொரு எபிசோடின் தலைப்புப் பாடலும் அவர்களுடையதே. ஒரு வருடமாகக் கேட்ட குரலுக்கு ஒருவழியாக முகம் கிடைக்கிறது, கிடைத்த கொஞ்ச நேரத்தில் புயல்.

என் கதையையும் சொல்கிறேன். நான் அந்த டிவிடி பெட்டியை வாங்கிய கடையில் கடைசி வட்டுக்குப் பதில் முந்தைய வட்டையே இரண்டு தடவை போட்டுக் கொடுத்திருந்தார்கள். மாற்றித்தர மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து நண்பர் ஒருவரிடம் டெம்பஸ்டைப் பார்த்தால், அதுவும் பாதியில் நிற்கிறது. அன்று உங்களைவிட அதிகம் கத்தியவன் நான்.

அடுத்தடுத்த சீசனும் பார்க்கணுமா?

இரண்டாவதைக் கட்டாயம் பாருங்கள். அதில் கிறிஸ்டோபர் ரீவ் ஒரு விஞ்ஞானியாக வந்து கிளார்க்கிடம் அவன் எங்கிருந்து வந்தான் என்று சொல்வார். திரையில் சூப்பர்மேனாக இருந்தவரே சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைச் சொல்வதைப் பார்த்துக் கண் கலங்காதவர்களை நான் சந்தித்ததில்லை. ஏழாவது சீசனோடு காஃபும் மில்லரும் விலகிவிட்டார்கள், ரோசன்பாமும் போய்விட்டார், கடைசி எபிசோடுக்கு மட்டும் திரும்பி வந்தார். லெக்ஸுக்காகப் பார்ப்பவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

அதெல்லாம் இருக்கட்டும், லெக்ஸ் அப்பாவைக் காப்பாத்துறானா இல்லையா?

காப்பாற்றுகிறான். கொஞ்சம் தாமதித்து. அந்தத் தாமதத்தை லயனலும் பார்த்துவிட்டார், பிறகு அவருக்குக் கண் பார்வையே போய்விடுகிறது. இதற்குமேல் வேண்டுமானால் இரண்டாவது பெட்டியை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். என்னுடையதை அக்கா மகன் இன்னும் திருப்பித் தரவில்லை.